மீன் சட்டியும் மின்சார யந்திரமும்

உங்கள் வீட்டில் பாத்திரம் கழுவும் யந்திரம் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். ஆனால் ப்ளீச்சிங் திரவம் ஒரு புட்டியாவது குளியலறை மூலையில் நின்றுகொண்டிருக்கும். ஆகையால், சகோதரிகளே, எனக்கு நேர்ந்த சங்கதியைக் கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள். கேட்டுச் சிரித்தாலும் பாதகமில்லை, சிரித்துவிட்டு மறந்துவிடாதீர்கள்.

இரண்டு வருஷத்துக்கு முன், "அம்மா, இனிமேல் உன் கை காய்ப்புக் காய்க்கக் கூடாது" என்று சொல்லி, என் பிள்ளை அந்த யந்திரத்தை வாங்கிவந்து திருவொற்றியூரில் எங்கள் வீட்டுச் சமையலறையில் நிறுத்தினான். என் வீட்டுக்காரர் அதை ஒரு தரம் சுற்றிப் பார்த்தார். "பேஷ்! இதற்குத் தீபாவளிப் புடவை எடுக்க வேண்டாம், சொல்லாமல் கொள்ளாமல் லீவும் போடாது" என்று நற்சாட்சிப் பத்திரம் கொடுத்தார்.

யந்திரத்தின் பேரில் எனக்கும் குறை இல்லை. ஒரே ஒரு விஷயத்தைத் தவிர. எங்கள் வீட்டில் ஞாயிறு என்றால் மீன் குழம்பு. நெட்டுக்குப்பத்திலிருந்து கூடை எடுத்து வரும் ஆயா பல வருஷங்களாக எங்கள் வாசலுக்கு வருகிறார். வஞ்சிரமோ, கெண்டையோ, இறாலோ, அன்றைக்கு அவர் சொல்வதுதான் எங்கள் வீட்டுச் சமையல். குழம்பு ருசிதான், ஆனால் கழுவி எடுத்த பாத்திரத்தில் லேசாக மீன் வாடை நிற்கும். பிளாஸ்டிக் டப்பாக்களில் மஞ்சள் கறையும் போகாது.

துணிக்கு வெளுப்புக் கொடுக்கிற சரக்கு பாத்திரத்துக்கு ஆகாதா என்ன என்று எனக்குத் தோன்றியது. இரண்டு மாதமாக ஒவ்வொரு ஞாயிறும் யந்திரத்துக்குள் அரை டம்ளர் ப்ளீச்சிங் திரவத்தை ஊற்றி வந்தேன். யாரிடமும் சொல்லவில்லை. கெட்டிக்காரத்தனத்தை யாராவது வெளியில் சொல்வார்களா?

ஒரு ஞாயிறு, யந்திரத்தின் உட்புறம் வெள்ளையாக உப்புப் பூத்திருப்பதைக் கண்டேன். அதற்கு வினிகர் விட்டால் கரையும் என்று எங்கோ கேட்ட ஞாபகம். ப்ளீச்சிங்கையும் வினிகரையும் சேர்த்தே ஊற்றிவிட்டால் ஒரே கல்லில் இரண்டு மாங்காய் அல்லவா? ஊற்றினேன், மூடினேன், பொத்தானை அழுத்தினேன். ஐந்து நிமிஷம் கழித்து, மறந்துபோன ஒரு கரண்டியை உள்ளே வைக்கலாம் என்று கதவைத் திறந்து குனிந்தேன்.

அவ்வளவுதான்! கண் இரண்டும் பற்றி எரிந்தன. தொண்டையை யாரோ உள்ளேயிருந்து பிடித்து இறுக்கினாற்போல் இருந்தது. இருமுகிறேன், இருமுகிறேன், மூச்சு மட்டும் உள்ளே போகமாட்டேன் என்கிறது. நல்ல வேளையாக, மீன் பாக்கி வாங்க வந்திருந்த ஆயா பின்கட்டில் உட்கார்ந்திருந்தார். சத்தம் கேட்டு ஓடி வந்து, என் கையைப் பிடித்துத் தரதரவென்று வாசலுக்கு இழுத்துக்கொண்டு போய்விட்டார்.

"இன்னா கண்ணு இது? மீன் சட்டி கழுவ எந்த மருந்தக் கலந்த? புளியும் சாம்பலும் போதாதா உனக்கு?"

அன்று மாலை டாக்டர் மார்பில் குழாயை வைத்துப் பார்த்துவிட்டுச் சொன்ன வார்த்தை ஒன்றே ஒன்று: "க்ளோரின்."

நான் தயாரித்த விஷக் காற்று

வீட்டுக்கு வந்து, இந்த க்ளோரின் யார், எவர் என்று விசாரிக்கத் தொடங்கினேன். விசாரித்தால், அது நம் உப்பு ஜாடிக்குள்ளேயே குடியிருக்கிற பேர்வழி! சமையல் உப்பு என்பது சோடியமும் க்ளோரினும் சேர்ந்தது. உப்பு நீரில் மின்சாரத்தைச் செலுத்தினால் ஒரு பக்கம் க்ளோரின் வாயுவும் மறு பக்கம் காஸ்டிக் சோடாவும் கிடைக்கின்றன. அந்த இரண்டையும் பக்குவமாக மறுபடி சேர்த்தால் சோடியம் ஹைபோக்ளோரைட் கரைசல். அதைத்தான் நாம் ப்ளீச்சிங் திரவம் என்று வாங்குகிறோம். வெள்ளம் வடிந்த பிறகு நகரசபையார் தெருவெல்லாம் தூவுகிறார்களே ப்ளீச்சிங் பவுடர், அது சுண்ணாம்பும் க்ளோரினும் சேர்ந்தது. 1799ஆம் ஆண்டு சார்லஸ் டென்னண்ட் என்ற ஸ்காட்லாந்துக்காரர் அதற்குக் காப்புரிமை பெற்றார். அதுவரை துணியை வெளுக்க வாரக்கணக்காக வெயிலில் விரித்துப் போடுவார்களாம்.

காரம் இருக்கும்வரை இந்தத் திரவம் சாதுவாக இருக்கும். ஆகவே புட்டியில் அதைக் காரத்தோடு சேர்த்தே அடைக்கிறார்கள். அதில் புளிப்பு கலந்துவிட்டால் போச்சு! அடைபட்டிருந்த க்ளோரின் வாயுவாகக் கிளம்பிவிடும். வினிகர், எலுமிச்சை உப்பு, கக்கூஸ் கழுவும் ஆசிட் எல்லாம் அந்தப் புளிப்பு வர்க்கந்தான். கண்ணிலும் தொண்டையிலும் நுரையீரலிலும் உள்ள ஈரத்தில் அந்த வாயு கரைந்து, அங்கே ஆசிட்டாக மாறிச் சுடுகிறது. முதல் உலக யுத்தத்தில், 1915ஆம் ஆண்டு ஏப்ரல் 22ந் தேதி, பெல்ஜியத்தில் ஈப்ரே என்ற ஊருக்கருகே ஜெர்மானியர்கள் எதிரிப் படைமீது திறந்துவிட்ட வாயு இதுவேதான். அதே வாயுவில் சிறு பங்கை என் சமையலறையில் நான் தயாரித்தேன் என்று நினைத்தால், இப்போதும் உள்ளங்கை வேர்க்கிறது.

பொடிக்குள் என்னதான் இருக்கிறது?

பாத்திரம் கழுவும் யந்திரம் நேற்று வந்ததல்ல. அமெரிக்காவில் ஜோசபின் காக்ரேன் என்ற அம்மாள் 1886ஆம் ஆண்டே அதற்குக் காப்புரிமை வாங்கினார். 1893இல் சிகாகோ உலகக் கண்காட்சியில் அது வேலை செய்து காட்டியது. கம்பிக் கூடையில் பாத்திரத்தை அடுக்கி, தண்ணீரை வேகமாகப் பீய்ச்சி அடிப்பது அவருடைய யோசனை. இன்றைக்கும் அடிப்படை அதுதான். இந்த யந்திரத்துக்குத் தேய்க்கக் கை இல்லை. ஆகையால் கையின் வேலையையும் சேர்த்துப் பொடியே செய்ய வேண்டியிருக்கிறது.

அந்தப் பொடியில் முதல் சரக்கு சலவைச் சோடா. நம் பாட்டிமார் அடுப்புச் சாம்பலைத் தொட்டுத் தேங்காய் நாரால் தேய்த்தார்களே, அந்த விறகுச் சாம்பலில் இருந்தது பொட்டாசியம் கார்பனேட். சலவைச் சோடாவோ சோடியம் கார்பனேட். இரண்டும் அக்காள் தங்கை. எண்ணெய்ப் பிசுக்கைப் பிடித்துச் சோப்பாக்கித் தண்ணீரோடு அனுப்பிவிடுவது இவர்கள் குடும்பத் தொழில். ஒரு காலத்தில் ஐரோப்பியர்கள் சோடாவை எங்கிருந்து எடுத்தார்கள் தெரியுமா? நம் கழிமுகங்களில் வளரும் உமரிக்கு உறவான கடலோரச் செடிகளைச் சுட்ட சாம்பலிலிருந்து! ஆயா சொன்ன சாம்பலுக்கும் யந்திரப் பொடிக்கும் அவ்வளவு நெருங்கிய சொந்தம்.

இரண்டாவது சரக்கு சிட்ரேட். தண்ணீரில் உள்ள சுண்ணாம்புச் சத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு, கண்ணாடியில் வெள்ளை படியாமல் காக்கிறது. முன்பெல்லாம் இந்த வேலைக்குப் பாஸ்பேட் சேர்த்தார்கள். அது ஏரியிலும் ஆற்றிலும் சேர்ந்தால் பாசிக்கு எருவாகிறது. பாசி மண்டி அழுகும்போது தண்ணீரில் உள்ள பிராணவாயு தீர்ந்து மீன் மூச்சுத் திணறுகிறது. அதனால் அமெரிக்காவில் பல மாகாணங்கள் 2010இலும், ஐரோப்பிய யூனியன் 2017இலும் யந்திரப் பொடியில் பாஸ்பேட்டுக்குக் கடுமையான கட்டுப்பாடு விதித்தன.

மூன்றாவது சிலிகேட், காரம் உலோகத்தையும் பீங்கானையும் அரிக்காமல் தடுக்கிற காவல்காரன். நான்காவது என்ஸைம்கள். நம் வயிற்றில் சோற்றையும் பருப்பையும் ஜீரணம் செய்கிற சரக்குகளுக்கு ஒன்றுவிட்ட சகோதரர்கள். ஒன்று காய்ந்த சோற்றுப் பசையைத் தின்னும். மற்றொன்று முட்டை, மீன், பால் ஆடை இவற்றைத் தின்னும். ஐந்தாவது பெர்கார்பனேட். இதுவும் ஒரு வெளுப்புச் சரக்குத்தான். ஆனால் க்ளோரின் ஜாதியைச் சேர்ந்ததல்ல. சூடான நீரில் ஹைட்ரஜன் பெராக்ஸைடை வெளிவிட்டு, டீக் கறை, காப்பிக் கறைகளைப் போக்கிவிட்டு, கடைசியில் தண்ணீராகவும் பிராணவாயுவாகவும் சலவைச் சோடாவாகவும் பிரிந்துபோகிறது.

கடைசியாக, நுரைக்காத சோப்புச் சரக்கு கொஞ்சம். நுரை இல்லாவிட்டால் நமக்கு மனசு ஆறாது! கையால் தேய்க்கும் சோப்புக் கட்டியிலும் சலவைப் பொடியிலும் நுரைக்கிற சரக்கின் மூலப்பொருளை, எங்கள் பக்கத்து ஊரான மணலியிலேயே தயாரிக்கிறார்கள். 1984இல் தொடங்கிய தமிழ்நாடு பெட்ரோபுராடக்ட்ஸ் நிறுவனம், மண்ணெண்ணெயிலிருந்து பிரித்த பாரஃபினையும் பென்ஸீனையும் சேர்த்து அதை உண்டாக்குகிறது. அதே நிறுவனம் காஸ்டிக் சோடாவும் க்ளோரினும் கூடத் தயாரிக்கிறது. வடசென்னைக்காரியான எனக்கு இது இத்தனை நாள் தெரியாது. ஆனால் அந்த நுரைச் சரக்கு யந்திரத்துக்கு ஆகாது. நுரை பெருகினால் தண்ணீர் அடிக்கும் வேகம் குறையும். கதவிடுக்கில் வழிந்து தரையெல்லாம் ஓடும். கையால் தேய்க்கும் திரவத்தை யந்திரத்தில் விட வேண்டாம் என்று சொல்வது இதனால்தான்.

ப்ளீச்சிங் விட்டால் என்ன கெடும்?

இத்தனை பேர் ஒற்றுமையாக வேலை செய்கிற வீட்டில் ப்ளீச்சிங் திரவம் நுழைந்தால் என்ன ஆகும்? முதல் வேலையாக என்ஸைம்களைக் கொன்றுவிடும். அடுத்தாற்போல் பெர்கார்பனேட்டோடு மல்லுக்கு நிற்கும். இரண்டும் வெளுப்புச் சரக்குகளாயிற்றே, இரட்டிப்புப் பலன் கிடைக்கும் என்று நினைத்தேன் நான். இரண்டு மல்லர்களும் ஒருவரையொருவர் அடித்துக்கொண்டு விழுந்துவிடுவார்கள். கறை சிரித்துக்கொண்டு அப்படியே நிற்கும். இருபது ரூபாய்ப் பொடியைப் போட்டுவிட்டு, அதைக் கெடுக்க இன்னும் பத்து ரூபாய் செலவழித்த கதைதான்.

அடுத்தது எவர்சில்வர். பெயரில் 'எவர்' இருக்கிறதே, அது என்றைக்கும் கெடாது என்ற மயக்கம் எனக்கு. அந்த உருக்கில் கலந்திருக்கும் குரோமியம், கண்ணுக்குத் தெரியாத ஒரு மெல்லிய கவசத்தை மேலே போர்த்தியிருக்கிறது. சூடான ப்ளீச்சிங் நீர் அந்தக் கவசத்தை அங்கங்கே ஊசியால் குத்தினாற்போல் துளைக்கும். இரண்டு மாதம் கழித்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தபோது, என் கல்யாணச் சீர்த் தட்டின் அடியில் மிளகுத் தூள் தூவியதுபோல் புள்ளிகள். தேய்த்தேன், போகவில்லை. அவை கறையாக இருந்தால்தானே போக? குழிகள்! யந்திரத்தின் உட்சுவரும் எவர்சில்வர்தான். ரப்பர் பட்டையும் இதில் கெட்டுப் போகும்.

மீன் வாடையாவது போகிறதா? அதுவும் சந்தேகந்தான். மீனின் வாடைக்குக் காரணம் அமோனியாவுக்கு உறவான அமீன் என்ற சரக்குகள். ப்ளீச்சிங் அவற்றோடு சேர்ந்தால் க்ளோரமீன் என்ற, மூக்கை அரிக்கும் புது நாற்றம் பிறக்கிறது. அமோனியா கலந்த கண்ணாடி துடைக்கும் திரவத்தோடு சேர்ந்தாலும் இதே ஆபத்து. அளவு கூடினால் நுரையீரலைப் பதம் பார்த்துவிடும். ஆனால் இந்த அமீன்களைப் புளிப்பு கட்டிப்போட்டுவிடும். ஆயாவின் புளி ஏன் போதும் என்று இப்போது புரிகிறதல்லவா?

செய்யத்தக்கவை சில

அனுபவப்பட்டவள் என்ற உரிமையில் சில வார்த்தைகள் சொல்கிறேன்.

மீன் சட்டியைக் காயவிடாதீர்கள். சக்கையை வழித்தெடுத்துக் குப்பையில் போட்டு, புளிக் கரைசலோ எலுமிச்சைத் தோலோ தேய்த்து அலசிவிட்டுப் பிறகு யந்திரத்தில் வையுங்கள். மண் சட்டி, இரும்புத் தோசைக்கல், ஈயச் சொம்பு, வெள்ளிக் குத்துவிளக்கு இவை யந்திரத்துக்குள் போகவே வேண்டாம். அலுமினியமும் காரம் பட்டால் கறுத்துப் போகும். மஞ்சள் கறை படிந்த பிளாஸ்டிக் டப்பாவைக் கழுவி, ஈரத்தோடு வெயிலில் கவிழ்த்து வையுங்கள். மஞ்சளின் நிறத்துக்குச் சூரியனே சத்துரு; இரண்டொரு நாளில் வெளுத்துவிடும். காசு செலவில்லை.

யந்திரத்தில் வெள்ளை உப்புப் படிந்தால், பாத்திரம் எதுவும் இல்லாமல், எலுமிச்சை உப்பை மட்டும் போட்டு ஒரு தரம் ஓட்டுங்கள். நம் கடலோரத்துக் கிணற்று நீரும் போர் நீரும் கடினமானவை. ஆகையால் யந்திரத்தின் உப்பு அறையைக் காலியாக விடக் கூடாது. அடிச் சல்லடையை வாரம் ஒரு முறை கழற்றிக் கழுவினாலே பாதி நாற்றம் போய்விடும்.

வீட்டில் நோயாளி இருக்கிறார், பாத்திரத்தைக் கிருமி நீக்கியே ஆக வேண்டும் என்றால், ப்ளீச்சிங்கை யந்திரத்துக்கு வெளியே உபயோகிக்கலாம். வாசனை சேர்க்காத சாதாரணத் திரவத்தில் ஒரு மேஜைக் கரண்டி, அதாவது 15 மில்லி, எடுத்து 4 லிட்டர் பச்சைத் தண்ணீரில் கலந்து, ஏற்கெனவே சோப்புப் போட்டுக் கழுவிய பீங்கான், கண்ணாடிச் சாமான்களை இரண்டு நிமிஷம் அதில் ஊற வைத்து, எடுத்துக் காற்றாட உலர விடுங்கள். ஜன்னல் திறந்திருக்கட்டும். வேறெதையும் அதில் கலக்க வேண்டாம்.

தப்பித் தவறிக் கலந்துவிட்டு நெடி கிளம்பினால், கொட்டிச் சுத்தம் செய்யலாம் என்று அங்கே நிற்காதீர்கள். குழந்தைகளை இழுத்துக்கொண்டு வெளியே ஓடுங்கள். மூச்சு முட்டினால் 108க்குப் போன் செய்யுங்கள். யந்திரத்துக்கான வண்ண வில்லைகளைக் குழந்தைகள் மிட்டாய் என்று எண்ணிவிடும். அவை வாயை வேக வைக்கும் காரம். எட்டாத உயரத்தில் வைத்துப் பூட்டுங்கள்.

தண்ணீர் போகும் இடம்

உடம்பு தேறியதும், உயிரைக் காப்பாற்றியவருக்கு ஒரு புடவை எடுத்துக்கொண்டு நெட்டுக்குப்பம் போனேன். எண்ணூரில் இறங்கி முகத்துவாரத்தை நோக்கி நடந்தால், ஒரு பக்கம் கடல். மறு பக்கம், பூண்டி ஏரியைத் தாண்டி வரும் கொசஸ்தலை ஆறு. அக்கரையில் அனல் மின்நிலையத்தின் புகைபோக்கிகள் வரிசையாக நின்றன. ஆயா வாசலில் உட்கார்ந்து சட்டி தேய்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் கொஞ்சம் புளி, கொஞ்சம் விறகுச் சாம்பல்.

"சாம்பலுக்கு உங்க ஊர்ல பஞ்சமே இல்லையே ஆயா!" என்றேன், புகைபோக்கியைக் காட்டி.

"அந்தச் சாம்பல் வேற, இந்தச் சாம்பல் வேற கண்ணு. இது சட்டியைக் கழுவும். அது ஆத்தை மூடும்" என்றார்.

படித்துத் தெரிந்துகொள்ள வேண்டியதை அவர் பார்த்தே தெரிந்துகொண்டிருக்கிறார். நிலக்கரிச் சாம்பலில் விறகுச் சாம்பலின் காரச் சத்து இல்லை. பெரும்பாலும் மணற்சத்தும் அலுமினாவுந்தான், கூடவே பாதரசம், ஆர்ஸனிக் போன்ற விஷங்கள் சிறு அளவில். பழைய எண்ணூர் அனல் மின்நிலையம் 1970இல் தொடங்கி 2017இல் மூடப்பட்டது. வடசென்னை நிலையத்தின் சாம்பல் குழாய்கள் ஒழுகி, ஆற்றின் படுகையில் பல இடங்களில் சாம்பல் படிந்து கிடக்கிறது.

ஆயா என்னை ஆற்றங்கரைக்கு அழைத்துப் போனார். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கத்திலிருந்து எண்ணெய் வந்து இந்தக் கழியில் பரவிற்று. படகு, வலை எல்லாவற்றிலும் கறுப்புப் பிசுக்கு. வாரக்கணக்காக யாரும் தொழிலுக்குப் போகவில்லை. பிடித்த மீனையும் வாங்க ஆள் இல்லை.

"மேல எது கொட்டினாலும் கடைசியில எங்க வாசலுக்குத்தான் வரும் கண்ணு. மழைத் தண்ணியும் இப்படித்தான் வருது. கால்வாத் தண்ணியும் இப்படித்தான் வருது."

பக்கிங்ஹாம் கால்வாய் இந்தக் கழியில்தான் வந்து சேர்கிறது. நகரத்துக் கழிவு எவ்வளவோ அதில் கலக்கிறது. என் அரை டம்ளர் ப்ளீச்சிங் இந்த ஆற்றைக் கெடுத்துவிட்டது என்று சொன்னால் அது மிகை. ஆற்றைக் கெடுத்த பெரிய கைகள் வேறு. ப்ளீச்சிங்கில் பெரும்பங்கு வழியிலேயே உப்பாகிவிடும். ஆனால் மிச்சம், சாக்கடையில் உள்ள அழுக்கோடு சேர்ந்து, எளிதில் அழியாத க்ளோரின் சரக்குகளாக மாறுகிறது. ஒரு வீட்டு அரை டம்ளரைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். இத்தனை லட்சம் வீடுகளின் அரை டம்ளரைச் சேர்க்காமல் இருக்க முடியுமா? இந்தத் தண்ணீரில் பிடித்த இறாலைத்தான் ஆயா கூடையில் வைத்து மறுபடி என் வாசலுக்குக் கொண்டுவருகிறார்.

புறப்படும்போது புடவையைக் கொடுத்தேன். வாங்கித் தடவிப் பார்த்துவிட்டு, "மிஷினைத் தூக்கிப் போட்டுட்டியா?" என்று கேட்டார்.

"இல்லை ஆயா. ப்ளீச்சிங் புட்டியை மட்டும் அதன் கிட்டே விடுவதில்லை. பாஸ்பேட் இல்லாத பொடியா என்று பெட்டியைத் திருப்பிப் பார்த்து வாங்குகிறேன்."

"அதான் புத்தி" என்றார் ஆயா. பிறகு, "ஞாயித்துக்கிழமை நல்ல கெண்டை கொண்டாறேன். சட்டியில ஊத்தறதுக்குப் புளி மட்டும் எடுத்து வை" என்று சொல்லிச் சிரித்தார்.

எடுத்து வைத்திருக்கிறேன். குழம்புக்குக் கொஞ்சம், சட்டிக்குக் கொஞ்சம்.